ஐயாவின் ஈரலும் அம்மாவின் லேகியமும்

என் தகப்பனாரின் ஈரலைப் பற்றி ஒரு காலத்தில் எங்கள் ஊரில் அபிப்பிராயம் சொல்லாதவர் இல்லை. அதைக் கண்ணால் கண்டவர் ஒருவருமில்லை. ஈரல் வயிற்றில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால் பாதிப்பேர் முழித்திருப்பார்கள். ஆனாலும் கிணற்றடியிலும் கோயில் வீதியிலும் தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது. மனுசிக்காரி மூன்றரை வருஷம் கஞ்சா லேகியம் தின்னக் கொடுத்தாள், ஈரல் கரைந்து மனிதன் போய்ச் சேர்ந்தான் என்பதுதான் அந்தத் தீர்ப்பு. அந்த மனுசிக்காரி என் அம்மா. அவளுக்காக வாய் திறந்திருக்க வேண்டியவள் நான். திறக்கவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். எழுதுவதால் எனக்குப் புண்ணியம் கிடைக்கும் என்ற எண்ணமெல்லாம் இல்லை.

ஐயா மலாயாவில் புகையிரதக் கந்தோரில் கிளாக்கர். கலியாணம் முடித்து அம்மாவை நீர்வேலியில் விட்டுவிட்டுப் போனவர் நாலைந்து வருஷத்துக்கு ஒருதரம் லீவில் வருவார். அப்படி வந்த ஒரு லீவில் உண்டானவள் நான். எனக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது அவர் பென்சன் எடுத்துக்கொண்டு ஒரேயடியாக வந்து சேர்ந்தார். ஊர் திரண்டு வந்து பார்த்தது. நெற்றி நிறையத் திருநீறு, தோளில் சால்வை, மச்சம் மாமிசம் வாயில் வைக்காத மனிதர். அந்த வருஷமே பிள்ளையார் கோயில் திருவிழாவில் ஒரு நாள் உபயத்தை அவருக்கென்று ஒதுக்கிவிட்டார்கள். அவருடைய றங்குப் பெட்டியில் பட்டு வேட்டிகளுக்குக் கீழே பிராண்டிப் போத்தல்கள் அடுக்கியிருந்தது மட்டும் ஊருக்குத் தெரியாது.

அம்மாவுக்கு முதல் கிழமையே தெரிந்துவிட்டது. எனக்கு அடுத்த மாதம் தெரிந்தது. மாலைப் பூசை கண்டு வந்து, கால் கழுவி, அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவார். அரை மணித்தியாலம் கழித்து வெளியே வரும்போது கண் சிவந்திருக்கும், வாயில் கராம்பு மணக்கும். பிராண்டி முடிந்ததும் பட்டினத்துக்குப் போய்ச் சாராயம் வாங்கி, மருந்துப் போத்தல் போலக் கடதாசியில் சுற்றிக்கொண்டு வந்தார். வெறும் போத்தல்களை அம்மாவும் நானுந்தான் வாழைத் தோட்டத்தில் குழி தோண்டிப் புதைத்தோம். குலை வெட்டிய வாழையைக் கிளப்பிய குழி எப்போதும் இருக்கும், ஒருவரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். பதின்மூன்று வயதுப் பெட்டைக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரிந்ததைப் பார்த்துப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் மெச்சினார்.

ஐயா ஒருநாளும் அம்மாவை அடித்ததில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் காலையில் அவருடைய கை நடுங்கியது. திருநீற்றுத் தட்டில் விரல் வைத்தால் பாதி நிலத்தில் கொட்டியது. இரவில் நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை. அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் என்னைக் கூட்டிக்கொண்டு பக்கத்து ஊர்ப் பரியாரியாரிடம் போனாள். அவர் தலைமுறை தலைமுறையாக வைத்தியம் பார்க்கும் வீட்டு மனிதர்.

"நித்திரை இல்லை. கை நடுங்குது. பின்னேரமானால் எரிஞ்சு விழுறார்," என்றாள் அம்மா.

"பிள்ளை, ஆள் மலாயாவிலையிருந்து வந்தவரோ?"

"ஓம்."

பரியாரியார் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. மருந்துக்கென்று அவர் வைத்திருந்த கஞ்சா இலையில் கொஞ்சம் தந்தார். அதை ஏழு தண்ணீரில் அலசி, பச்சைச் சாயம் போன பிறகு பசுநெய்யில் வறுத்து, மிளகும் திப்பிலியும் சாதிக்காயும் இடித்துச் சேர்த்து, பனங்கட்டிப் பாகில் கிண்டச் சொன்னார். "பின்னேரத்திலை ஒரு சுண்டங்காய் அளவு. பாலோடை குடுக்க வேணும். கூடக் குடுத்துப் போடாதை. ஆனால் ஒண்டு, மற்றதை விட்டால்தான் இது. ரெண்டும் சேரக் கூடாது." மற்றது எது என்று அவரும் சொல்லவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் வைத்தியம் பாதி மருந்து, மீதி வாய் பொத்தல்.

ஐயா மறுப்பார் என்று பயந்தோம். அவர் லேகியத்தை மோந்து பார்த்தார், அம்மாவின் முகத்தைப் பார்த்தார், வாயில் போட்டுக்கொண்டார். அவருக்கும் விடத்தான் ஆசை இருந்திருக்கிறது, ஒருவரிடம் சொல்ல வெட்கம். முதல் இரண்டு மாதம் பேய் படாத பாடு பட்டார். பிறகு சாராயத்தை விட்டுவிட்டார். விட்டது விட்டதுதான். அதை நான் எந்தக் கோயிலிலும் சத்தியம் பண்ணுவேன், வீட்டில் போத்தல் புதைக்கிற வேலை எனக்கல்லவா?

அந்த மூன்றரை வருஷந்தான் அம்மாவுக்குப் புருஷன் என்று ஒருவர் கிடைத்த காலம். பின்னேரம் லேகியம் தின்று ஒரு மணித்தியாலத்தில் ஐயாவுக்கு முகம் மலரும். பசிக்கும். பிட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் இரண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். மலாயாவின் ஸ்ரேசன்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருவார், நடுவில் ஒன்று மறந்துபோகும், திரும்ப முதலிலிருந்து தொடங்குவார். அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். அம்மா சிரிப்பாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிய வந்தது.

எனக்குப் பதினாறு வயதானபோது ஐயாவின் கால் வீங்கியது. உப்பைக் குறைத்தோம். பிறகு வயிறு வீங்கியது. கையும் தோளும் வற்றிக்கொண்டு போக, வயிறு மட்டும் வேட்டிக்கு அடங்காமல் முன்னுக்கு வந்தது. கண் மஞ்சளானது. பரியாரியார் வந்து நாடி பார்த்தார், லேகியத்தை நிறுத்தச் சொன்னார், கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுக்கச் சொன்னார். போகும்போது அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே போனார்.

அதே மாதத்தில்தான் எனக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். அளவெட்டிப் பக்கத்து ஆசிரியர் குடும்பம், ஆசாரமான வீடு. மாப்பிள்ளையும் வாத்தியார். அவரை ஒரு திருவிழாவில் மேளக் கச்சேரிக்கு முன்னால் நின்று தலையாட்டிக்கொண்டிருக்கும்போது கண்டிருந்தேன். எனக்குப் பிடித்துவிட்டது. அந்தக் கலியாணம் எனக்கு வேண்டியிருந்தது. பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஐயாவின் தமையன், நான் பெரியையா என்று கூப்பிடுகிறவர், கார் பிடித்து ஐயாவைப் பட்டினத்து ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனார். அம்மாவும் நானும் கூடப் போனோம். டொக்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்தார், இமையை இழுத்துப் பார்த்தார். பிறகு பேனையை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் கேட்டார்.

"இவர் குடிக்கிறவரோ?"

கட்டிலின் அந்தப் பக்கம் பெரியையா நின்றார். சம்பந்தப் பேச்சை நடத்திக்கொண்டிருந்தவரே அவர்தான். அவருக்குத் தெரிந்தால் அன்று பின்னேரமே அவருடைய வீட்டுக்குத் தெரியும், மறுநாள் அளவெட்டிக்குத் தெரியும். அம்மா அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் ஐயாவின் சால்வையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். என் முகத்தில் அம்மா என்ன கண்டாள் என்று எனக்குத் தெரியும். சொல்லிவிடாதே என்று அதில் எழுதி ஒட்டியிருந்தது.

"இல்லை டொக்டர். அந்தப் பழக்கம் ஒண்டும் இல்லை."

"ஒருநாளும் குடிக்கேல்லையோ? முந்தியும்?"

"இல்லை."

"அப்ப வேறை என்ன சாப்பிடுறவர்? மருந்து, கிருந்து?"

"லேகியம் குடுத்தனான்," என்றாள் அம்மா. "கஞ்சா லேகியம். நித்திரைக்கு."

டொக்டர் புருவத்தை உயர்த்தினார். எழுதிக்கொண்டார். பெரியையா "கஞ்சாவோ?" என்று ஒரு முறைதான் கேட்டார். ஐயா கண் விழித்துத்தான் படுத்திருந்தார். ஒவ்வொரு சொல்லும் அவருக்குக் கேட்டது. ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். இருபது வருஷம் குடிச்சனான் டொக்டர், இவள்தான் நிப்பாட்டினவள் என்று சொல்லியிருக்கலாம். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதன் பிறகு இரண்டு மாதம் உயிரோடிருந்தார். மூன்று முறை வயிற்றில் குத்தித் தண்ணீர் எடுத்தார்கள். தமையன் தினமும் வந்து பக்கத்தில் இருந்தார். அந்த இரண்டு மாதத்திலும் அந்த ஒரு வசனம் அவர் வாயிலிருந்து வரவில்லை. செத்தவரைத் திட்டக்கூடாது என்பார்கள். நான் திட்டித்தான் இருக்கிறேன், இப்போதும் திட்டுகிறேன்.

பெரியையா தம்பி பெண்சாதியோடு நேருக்கு நேர் கதைக்கிற வழக்கமில்லாதவர். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குச் சமையல் தொடங்கும்போது முற்றத்தில் நின்று பொதுவாகச் சொன்னார்: "அந்தக் கையாலை ஒண்டும் படைக்க வேண்டாம். எங்கடை பக்கத்துப் பெண்டுகள் சமைக்கட்டும்." அடுப்படியில் அகப்பையோடு இருந்த அம்மா எழும்பி வெளியே போனாள். கட்டின புருஷனுக்குப் படைக்கிற சோற்றில் அவள் கை படவில்லை. அன்றிலிருந்து ஐயாவின் ஆட்கள் எவரும் எங்கள் வீட்டில் ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பரியாரியாரின் முற்றத்திலும் ஆட்கள் குறைந்து போனார்கள். அவர் எங்கே உண்மையைச் சொல்லிவிடுவாரோ என்று நான் உள்ளூரப் பயந்தேன். அவர் நோயாளியின் கதையை வெளியே சொல்லாத வீட்டுப் பிள்ளை. பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

சாடியில் லேகியம் அரைவாசி மிச்சம் இருந்தது. கொட்டியிருப்பாள் என்றுதான் நினைத்தேன். ஒருநாள் பின்னேரம் அடுப்படிக்குள் போனபோது அம்மா சாடியைத் திறந்து ஒரு சுண்டங்காய் அளவு உருட்டி வாயில் போட்டுப் பால் குடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா செய்யிறியள்?"

"சத்தம் போடாதை. ஒரு மாதமாய்த் தின்னுறன். எனக்கும் ஈரல் இருக்குத்தானே, என்ன செய்யுதெண்டு பாப்பம்."

சாடியைப் பறிக்கப் போனேன், விடவில்லை. காலையில் எழும்பினதும் முகம் பார்க்கிற கண்ணாடியை எடுத்து, கீழிமையை விரலால் இழுத்து, மஞ்சள் தெரிகிறதா என்று பார்ப்பாள். ஐயாவின் வேட்டி மடிப்பு இறுகியதுபோலத் தன் சேலைக் கொய்யகம் இறுகுகிறதா என்று பார்ப்பாள். சில பின்னேரங்களில் லேகியம் ஏறி, ஒன்றுமில்லாததற்குச் சிரிப்பாள், பிறகு அதற்காகவே அழுவாள். சாடி காலியாக ஏழு மாதம் பிடித்தது. காலும் வீங்கவில்லை, கண்ணும் மஞ்சளாகவில்லை. "பாத்தியோ, எனக்கு ஒண்டும் செய்யேல்லை," என்றாள். நீதிமன்றத்தில் சாட்சி சொல்லி இறங்கியவளின் முகம் அது. கேட்கத்தான் நீதவான் இல்லை.

வருஷம் திரும்பி ஐயாவின் ஆட்டைத் திவசம் முடிந்து என் கலியாணம் நடந்தது. மருந்து மாறிக் கொடுத்த பிழைதானே, பிள்ளையில் என்ன குற்றம் என்று அளவெட்டியார் பெருந்தன்மையாகச் சொன்னார்களாம். விதவை என்பதால் அம்மா மணவறைப் பக்கம் வரவில்லை. அறைக்குள் இருந்து யன்னல் வழியாகப் பார்த்தாள். எனக்கு அன்று சந்தோஷமாகத்தான் இருந்தது.

இரண்டு வருஷத்தில் எனக்குப் பெண் பிள்ளை பிறந்தது. தலைப் பிரசவம் தாய்வீட்டில்தான் எல்லோருக்கும். எனக்கு மட்டும் மாமியார் வீட்டில். பிள்ளைப்பெற்றவளுக்குக் கொடுக்கும் சரக்கை, மல்லியும் மிளகும் மஞ்சளும் வேறும் என்னவெல்லாமோ வறுத்து இடித்து, தாய்தான் கொண்டுவந்து கரைத்துக் கொடுக்க வேண்டும். அம்மா வெய்யிலில் உலர்த்தி, இடித்து, மூன்று தரம் அரித்து, வெள்ளைத் துணியில் கட்டிக்கொண்டு வந்தாள். மாமி முகம் கோணாமல் வாங்கினார். "வைச்சிட்டுப் போங்கோ, நாங்கள் கரைச்சுக் குடுப்பம்," என்றார். அம்மா பிள்ளையின் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் வாசல் படலை தாண்டினாள். நான் கட்டிலில் கிடந்து யன்னலால் பார்த்தேன். மாமி அந்தத் துணியை அவிழ்த்து மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் குப்பையில் உதறினார். உதறிவிட்டுத் திரும்பியவர் நான் பார்த்ததைக் கண்டார்.

"பயத்திலைதான் பிள்ளை. பச்சை உடம்புக்காரி நீர். அந்தக் கையை நம்பேலாது."

நான் சொல்லியிருக்க வேண்டியது மூன்று சொல். ஐயா குடிகாரர் மாமி. பக்கத்து அறையில் என் புருஷன் இருந்தார். நான் பிள்ளையைத் தூக்கி மாரோடு வைத்துக்கொண்டு "ஓம் மாமி," என்றேன்.

அந்த "ஓம்" என்னை நித்திரை கொள்ளவிடவில்லை. என் புருஷனின் சித்தப்பா முறையான ஒரு டொக்டர் பிள்ளை பார்க்க வந்தார். பல ஊர் அரசாங்க ஆசுப்பத்திரிகளில் இருந்தவர், பிரேதப் பரிசோதனையும் செய்கிறவர். தேத்தண்ணி கொடுக்கிற சாட்டில், பக்கத்து வீட்டு மனிதர் ஒருவர் என்று சொல்லிக் கேட்டேன்.

"கஞ்சா லேகியம் கனகாலம் திண்டால் ஈரல் கெடுமோ?"

அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். அதனாலேயே அவரை நம்பினேன்.

"குடியாலை கல்லாய்ப் போன ஈரலை வெட்டிக் கையிலை எடுத்திருக்கிறன் பிள்ளை. கஞ்சா மட்டும் திண்டவன்ரை ஈரலை நான் காணேல்லை. தலையைக் குழப்பும், நெஞ்சைப் படபடக்கப் பண்ணும், அது தெரியும். நல்ல ஈரலை அது கெடுக்குமோ இல்லையோ எண்டு எனக்குத் தெரியாது. தெரியுமெண்டு அடிச்சுச் சொல்லுறவனை நம்பாதை." தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு இன்னும் ஒன்று சொன்னார். "ஆனால் முதலே குடியாலை கெட்ட ஈரல் எண்டால் அது வேறை கதை. நொந்த மாட்டிலை என்னத்தை ஏத்தினாலும் பாரம்தான். அதுக்குக் குடுக்காமல் விட்டிருக்கலாம்."

அடுத்த நாளே அம்மாவிடம் போனேன். டொக்டர் சொன்னதின் முன்பாதியைச் சொன்னேன்.

"அவருக்கும் தெரியாதாமோ?"

"தெரியாதாம்."

"அத்தனை படிச்சவருக்குத் தெரியாது. பெரியையாவுக்குத் தெரியும், என்ன?" அம்மா சிரித்தாள். சிரித்து முடித்ததும், "வேறை ஒண்டும் சொல்லேல்லையோ?" என்றாள்.

"இல்லை."

அம்மா என்னை உற்றுப் பார்த்தாள். அவள் தின்று பார்த்தது நல்ல ஈரலோடு. அந்தக் கணக்கில் எங்கே ஓட்டை என்று எனக்கு முன்னமே அவளுக்குத் தெரிந்திருந்தது. "விடாமல் குடிச்சிருந்தால் இன்னும் கெதியாப் போயிருப்பார்," என்று தனக்குத்தானே சொன்னாள். அதற்கும் யாரிடமும் சாட்சி இல்லை.

"நான் இவரிட்டைச் சொல்லப் போறன் அம்மா. ஐயா குடிச்ச கதையைச் சொல்லப் போறன்."

"விசரி. இப்ப உனக்கும் ஒரு பெட்டைப் பிள்ளை இருக்கு. குடிகாரன்ரை பேத்தி எண்ட பேர் அதுக்கு வேணுமோ? வாயைப் பொத்து. எனக்குப் பழகிப் போச்சு."

நான் அழுதேன். அழுதுகொண்டே எனக்கு ஆறுதலாகவும் இருந்தது. சொல்லாதே என்று அவளே சொல்லிவிட்டாள், இனி என் மேல் குற்றமில்லை. இவ்வளவு கேவலமான ஆறுதல் என் வாழ்நாளில் வேறு வந்ததில்லை.

யப்பான்காரனோடு நடந்த யுத்தம் முடிந்த கையோடு அம்மா நாலு நாள் காய்ச்சலில் போய்விட்டாள். பெரியையா பந்தலின் ஓரத்தில் பத்து நிமிஷம் நின்றுவிட்டுப் போனார்.

ஆறு மாதம் கழித்து என் புருஷனுக்கு வயிற்றுக் குத்து. சீரகமும் ஓமமும் வறுத்து உரலில் போட்டேன். மாமி வந்து என் கையிலிருந்த உலக்கையை வாங்கினார்.

"விடும் பிள்ளை. நான் இடிக்கிறன்."

"ஏன் மாமி?"

"தாயின்ரை கைதானே," என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"அம்மா ஒருத்தரையும் கொல்லேல்லை!" என்று கத்தினேன். "ஐயா குடிச்சவர். மலாயாவிலை இருபது வருஷம் குடிச்சவர். போத்தலெல்லாம் நான் புதைச்சனான். அம்மா குடியை நிப்பாட்டத்தான் அதைக் குடுத்தவ!"

மாமி உலக்கையைச் சுவரில் சாத்தினார். அவருடைய முகத்தில் ஒரு அதிசயமும் இல்லை.

"அது தெரியும்."

"என்ன தெரியும்?"

"உங்கடை அப்பர் குடிச்சவர் எண்டு. மாமாவின்ரை தம்பியாரும் அங்கை புகையிரதத்திலைதானே இருந்தவர். சம்பந்தம் பேச முந்தியே கடுதாசி போட்டுக் கேட்டனாங்கள். பிராண்டி இல்லாமல் அந்த மனிசனுக்குப் பின்னேரம் இல்லை எண்டு எழுதினவர்."

"தெரிஞ்சுமோ என்னை எடுத்தனீங்கள்?"

"ஆம்பிளையள் தூர தேசத்திலை குடிக்கிறதுதானே பிள்ளை. அதைப் பாத்தால் யாழ்ப்பாணத்திலை பொம்பிளை எடுக்கேலுமோ?" மாமி மறுபடி உலக்கையை எடுத்தார். "இருபது வருஷம் குடிச்சும் நல்லா இருந்த மனிசன். உங்கடை அம்மா உந்த லேகியத்தைக் குடுக்கப் போய்த்தானே செத்தவர்."

அவர் இடிக்கத் தொடங்கினார். நான் பக்கத்தில் நின்றேன். ஐயா குடித்தது ஆசுப்பத்திரிக் கட்டிலைச் சுற்றி நின்றவர்களுக்குத்தான் ரகசியம்; அளவெட்டியில் அது பழைய செய்தி. அம்மா ஒரு ஆயுளுக்குத் தன் பெயரைக் கெடுத்துக்கொண்டு மறைத்தது, பெண் கேட்டவர்கள் முன்னமே மன்னித்து மறந்துபோன சங்கதியை. இதைப் போய்ச் சொல்ல அம்மா இல்லை.